வர்க்கிக்கு உருளைக்கிழங்கில் ஓர் உறை: 14 மாதக் குறிப்புகள்

கோத்தகிரியில் அக்கா வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறார். விறகு அடுப்பு. விடியற்காலையில் வர்க்கி என்ற மொறுமொறு மைதா பிஸ்கட், மத்தியானத்துக்கு மேல் பன். வர்க்கியைக் காகிதக் கவரில் போட்டுத்தான் கொடுப்பார். போட்ட பத்தாவது நிமிடம் எண்ணெய் வெளியே தெரிய ஆரம்பிக்கும். பேருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகி, மடியில் வைத்திருப்பவரின் சேலையிலும் கறை ஏறிவிடும். பனிக்காற்றுப் பட்டால் வர்க்கி நமுத்தும் போகும். வர்க்கியின் உயிரே அந்த மொறுமொறுப்புத்தான். அது போனால் மிச்சம் இருப்பது இனிப்பு மைதா.

பிளாஸ்டிக் கவர் என்ற பேச்சுக்கே நீலகிரியில் இடமில்லை. தமிழ்நாடு முழுக்க 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். இங்கே அதற்குப் பல வருடம் முன்பே, 2000-களின் தொடக்கத்தில் சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோதே, கடைகளிலிருந்து பிளாஸ்டிக்கை விலக்கும் வேலை தொடங்கிவிட்டது. மாமா அந்தத் தடையை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. பேக்கரிக்குப் பின்னால் காட்டெருமை வந்து குப்பையைக் கிளறுவதையும், கவரோடு சேர்த்து மெல்லுவதையும் கண்ணால் பார்த்தவர் அவர்.

இரண்டு வருடம் முன்பு ஒரு வியாபாரி "மக்கும் கவர்" என்று கொண்டுவந்து கொடுத்தார். மக்காச்சோளத்தில் செய்தது என்றார். நான் ஒன்றை எடுத்து வீட்டுத் தோட்டத்தில் ஓர் அடி ஆழத்தில் புதைத்து வைத்தேன். ஐந்து மாதம் கழித்துத் தோண்டினால் எழுத்து அழியாமல் அப்படியே இருந்தது. அந்த வகைக் கவர் பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலத்தில் செய்யப்படுவது. அது மக்குவதற்குக் கிட்டத்தட்ட 58 டிகிரி வெப்பம் வேண்டும். பெரிய உரத் தொழிற்சாலையின் குவியலில் அந்தச் சூடு இருக்கும். கை வைத்தால் சில்லென்று இருக்கும் எங்கள் மலை மண்ணில் எங்கே இருக்கும்?

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இந்தக் குளிரிலேயே மக்கும் ஒரு உறையை, இங்கே விளைவதை வைத்துச் செய்து பார்க்க வேண்டும். நான் பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறவன். பிள்ளைகளுக்கு ஸ்டார்ச்சில் அயோடின் விட்டு நீல நிறம் காட்டியதோடு சரி, அதே ஸ்டார்ச்சை வைத்து ஒரு பொருள் செய்ததில்லை. போன வருடம் ஜனவரியில் ஆரம்பித்தேன்.

ஸ்டார்ச் உருளைக்கிழங்கிலிருந்து. மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றும்போது மண்வெட்டி பட்டது, கோலிக்குண்டு அளவில் இருப்பது எல்லாம் கழிந்துவிடும். தெரிந்த விவசாயி ஒருவர் அதை மூட்டையாகவே கொடுத்தார். பச்சை ஏறிய கிழங்கை மட்டும் பார்த்துப் பார்த்து ஒதுக்கினேன். அதில் சோலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும். சாப்பாட்டைத் தொடப் போகிற பொருளில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

வேலை சுலபம். தோலோடு துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய வேட்டித் துணியில் பிழிந்து, வாளியில் விட வேண்டும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சின் துகள் பெரியது, சிலது 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரைகூட வரும். அதனால் அரை மணி நேரத்தில் வாளியடியில் வெள்ளைக் களிமண் மாதிரி இறுகிவிடும். அரிசி மாவில் இதையே செய்தால் ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடி படியவிட்டு, மூன்று தடவை. 5 கிலோ கிழங்குக்கு எனக்குக் காய்ந்த ஸ்டார்ச் 430 கிராம் கிடைத்தது. ஈரமாக இருக்கும்போது அதைச் சூடான இடத்தில் வைக்கக் கூடாது. 60 டிகிரியைத் தொட்டாலே வெந்து கட்டியாகிவிடும். காற்றில்தான் உலர்த்தினேன்.

முதல் தடவை ஒரு தப்புச் செய்தேன், அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. துருவிய கிழங்கு கறுத்துப் போகாமலிருக்க எலுமிச்சை பிழிந்து விட்டிருந்தேன். கறுக்கவில்லை, ஸ்டார்ச் பளிச்சென்று வந்தது. ஆனால் அதில் செய்த ஷீட் ஒவ்வொன்றும் தொட்டால் கிழிந்தது. ஒரே ஒரு முறைதான் அலசியிருந்தேன். புளிப்பு உள்ளேயே தங்கிவிட்டது. புளிப்போடு சேர்த்துக் காய்ச்சும்போது ஸ்டார்ச்சின் நீளமான சங்கிலி துண்டு துண்டாக அறுந்துபோகிறது. சங்கிலி நீளமாக இருந்தால்தானே ஒன்றோடொன்று பின்னிப் படலமாக நிற்கும். லிட்மஸ் தாளில் தொட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது எலுமிச்சை போடுவதில்லை. துருவும்போதே நேராகத் தண்ணீரில் விழவைக்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் காய்ச்சுவது. 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் ஸ்டார்ச், வேறு எதுவும் சேர்க்காமல், தட்டில் ஊற்றிக் காயவைத்தேன். ஜனவரி உறைபனிக் காலம், காற்றில் ஈரமே இல்லை. காலையில் பார்த்தால் தட்டு முழுக்க வெடித்துச் சில்லுச் சில்லாகக் கிடந்தது. ஸ்டார்ச் தனியாகக் காய்ந்தால் அப்படித்தான், அப்பளம் மாதிரி முறியும். வளைவதற்கு உள்ளே ஏதாவது இளக்கம் கொடுக்க வேண்டும். அதற்குக் கிளிசரின். மருந்துக்கடையில் மருந்துத் தரத்தில் (ஐ.பி.) கிடைக்கிறது. ஸ்டார்ச்சின் எடையில் 30 சதவீதம் சேர்த்தேன். மறுநாள் காலை தட்டில் இருந்தது, தூக்கிப் பிடித்தால் பின்னால் ஜன்னல் தெரிகிற ஒரு ஷீட். மடித்தேன், முறியவில்லை.

அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஒரு ஷீட் நன்றாக வந்தால் அடுத்தது கட்டி கட்டியாக வரும். ஏன் என்று தெரியாமல் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு மல்லாடியபோது, அக்கா அடுப்படிக்கு வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "இது வடாம் கூழ்தானேடா. பதம் வரலை, இன்னும் வெள்ளையாத்தான இருக்கு" என்றாள். கையைத் தண்ணீரில் நனைத்து மேலே லேசாகத் தொட்டுக் காட்டினாள். கூழ் விரலில் ஒட்டியது. "ஒட்டக் கூடாது. ஒட்டாம, கண்ணாடியா ஆகணும். அதுவரைக்கும் கிளறிட்டே இரு."

அவள் சொன்னதில் முழு அறிவியலும் இருக்கிறது. உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 60, 65 டிகிரியிலேயே உப்பிக் கெட்டியாகிவிடும். பார்த்தால் வெந்தது போலத் தெரியும். ஆனால் உப்பிய துகள்கள் உடைந்து, உள்ளே இருக்கும் அமைலோஸ் என்ற நீளச் சங்கிலி வெளியே வந்து கரைய, இன்னும் சூடும் இன்னும் நேரமும் வேண்டும். படலத்துக்கு வலு கொடுப்பதே அந்த அமைலோஸ்தான். உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சில் அது ஐந்தில் ஒரு பங்கு. வெள்ளை போய்க் கண்ணாடியாவது துகள் உடைந்ததற்கு அடையாளம். இந்தப் பதத்தைப் பிடித்த நாளிலிருந்து கட்டி தட்டியதே இல்லை.

மலைக்கு மேலே இன்னொரு சங்கதி உண்டு. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. கீழே சமவெளியில் சொல்லும் நேரக் கணக்கு எதுவும் இங்கே சரிப்படாது. 10 நிமிடம் காய்ச்சு என்றால் நான் 25 நிமிடம் காய்ச்சுகிறேன். ஸ்டார்ச்சுக்கு இது போதும். கடல்பாசிக்குப் போதவில்லை.

கடல்பாசி ஏன் என்று சொல்ல வேண்டும். ஸ்டார்ச் ஷீட் காய்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும். ஈரக் கை பட்டால் கொழகொழவென்று கரைய ஆரம்பிக்கும். கொஞ்சம் அகர் சேர்த்தால் அது வலைபோல உள்ளே நின்று தாங்கும். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் கிடைப்பது இதுதான். மன்னார் வளைகுடாவில், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி போன்றவற்றிலிருந்துதான் நம் ஊர் அகர் வருகிறது. அந்த உழைப்பு தெரிந்ததால் இதை ஒரு துண்டுகூட வீணாக்க மனம் வராது. அகர் முழுதாகக் கரைய நல்ல கொதிசூடு நீடிக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் எங்கள் 94 டிகிரியில் எவ்வளவு காய்ச்சினாலும் நார் நாராக மிச்சம் நின்றது. கடைசியில் அதைத் தனியாகத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு கிண்ணத்தில் போட்டுக் குக்கருக்குள் வைத்து இரண்டு விசில் விட்டேன். தெளிந்த தண்ணீராகக் கரைந்துவிட்டது.

ஊற்றும்போது அடுத்த சிக்கல். அகர் 40 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் எங்கள் அடுப்படி 12 டிகிரி. கூழ் தட்டைத் தொட்ட இடத்திலேயே உறைந்து, மேலே ஊற்றியது வரி வரியாக நின்றது, உழுத வயல் மாதிரி. தட்டை முதலில் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் பேக்கரி அடுப்பு கை கொடுத்தது. வர்க்கி எடுத்து முடித்த பிறகும் அந்தச் செங்கல் அடுப்பின் மேல்தளம் மத்தியானம் வரை 42, 43 டிகிரியில் இருக்கும். தட்டை அங்கே வைத்து, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை மேலே வைத்து, காகித மடிப்பை அடியில் கொடுத்துச் சமன் செய்து, அங்கேயே ஊற்றி, அங்கேயே காயவிடுகிறேன். மட்டம் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் வெங்காயத் தோலாகவும் வரும்.

குமிழ்தான் மிகவும் படுத்தியது. குமிழ் இருந்த இடமெல்லாம் காய்ந்த பின் ஊசித் துளை, எண்ணெய் அது வழியாக வந்துவிடும். கரண்டியால் அடித்துக் கலக்காமல் மரத்துடுப்பால் அடியோடு நகர்த்திக் கலக்க வேண்டும். பிறகு மூடி போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் 20 நிமிடம் அசையாமல் வைத்தால் குமிழ் தானே மேலே வந்துவிடும். மேல் நுரையைக் கரண்டியில் வழித்து எடுத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

தட்டு விஷயத்தில் கண்ணாடியை நம்ப வேண்டாம். ஸ்டார்ச் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. எவர்சில்வரும் அப்படித்தான். அக்ரிலிக் ஷீட் நல்லது. அதிலும் உரிப்பதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். வேட்டியில் போட்ட வடாம் முழுக்கக் காய்ந்த பிறகு உரித்தால் உடையும், துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிப்பார்கள். நானும் எலும்பாகக் காயும் வரை விடாமல், ஓரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும் நேரத்தில், இன்னும் மெல்லிய குளிர்ச்சி இருக்கும்போதே உரித்துவிடுகிறேன். முழுக்கக் காய்ந்துவிட்டால், கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் தட்டை இரண்டு நிமிடம் காட்டினால் போதும்.

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் அருமையாகப் போயின. வர்க்கியைச் சுற்றி, அடியில் பிளாட்டிங் தாள் வைத்து மூன்று நாள் பார்த்தோம். ஒரு பொட்டு எண்ணெய் இறங்கவில்லை. எண்ணெயைத் தடுப்பதில் ஸ்டார்ச் படலம் கெட்டிக்காரன். "மாப்ள, காகிதத்துல அரை நாள் நிக்காத எண்ணெய் இதுல நிக்குதுப்பா" என்று மாமா அந்தத் தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜூனில் சாரல் தொடங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டிப் பக்கம் கொட்டும். கோத்தகிரிக்கு அந்த அளவு மழை இல்லை, ஆனால் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அடுக்கி வைத்திருந்த 30 ஷீட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகிவிட்டன. பிரிக்கப் பார்த்தால் மெழுகுத்துணி மாதிரி இழுத்தது. ஒரு வாரத்தில் அதன் மேல் பச்சைப் பூஞ்சை. வர்க்கி காகிதத்தில் வைத்ததை விடச் சீக்கிரம் நமுத்தது.

காரணம் நான் போட்ட கிளிசரின்தான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி இழுக்கும் பொருள். ஜனவரியில் படலத்தை வளைய வைத்த அதே குணம், ஜூனில் அதைக் கூழாக்குகிறது. ஒரு ஈரமானி வாங்கிப் பேக்கரிச் சுவரில் மாட்டினேன். ஜனவரி போன்ற வறண்ட நாளில் 38 சதவீதம், மூடுபனி நாளில் 90. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே செய்முறை எப்படி நிற்கும்? அதுவரை கிளிசரின் இத்தனை, ஸ்டார்ச் இத்தனை என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அன்றைய ஈரப்பதத்தைத்தான் முதலில் எழுதுகிறேன்.

மழை நிற்கும் வரை காத்திருக்காமல் வீட்டிலேயே ஒரு மழைக்காலம் செய்துகொண்டேன். மூடியுள்ள பெரிய தகர டப்பா, உள்ளே ஒரு கிண்ணத்தில் உப்பு. கல்லுப்பைக் கரையாமல் அடியில் நிற்கிற அளவுக்குத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தால், உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் அப்படியே நிற்கும். எந்த மாதத்திலும் அதே 75. அதற்குள் எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்குள், அடுப்பில் வறுத்து எடுத்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். டம்ளர் வாயில் ஷீட்டைப் போர்த்தி, ஓரத்தை உருக்கிய மெழுகால் அடைத்துவிட்டால், ஷீட் வழியாக மட்டும்தான் ஈரம் உள்ளே போக முடியும். நகைக்கடைத் தராசில் தினமும் எடை. வெறும் ஸ்டார்ச்சும் கிளிசரினும் சேர்ந்த ஷீட் ஒரு நாளில் 0.83 கிராம் ஈரத்தை உள்ளே விட்டது. ஒப்பிட்டுப் பார்க்கக் கழுவிய பால் பாக்கெட்டை ஒரு டம்ளருக்குக் கட்டினேன். மூன்று நாளில் 0.01. இந்த இரண்டு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் ஏன் இத்தனை காலம் நின்றது என்பதும், அதன் இடத்தைப் பிடிப்பது எவ்வளவு தூரம் என்பதும் அதில் தெரிகிறது.

தேன்மெழுகு அந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்தது. குறும்பரும் இருளரும் தேனெடுக்கிற மலை இது, நல்ல மெழுகு கைக்கு எட்டும் தொலைவில் கிடைக்கிறது. 64 டிகிரி வாக்கில் உருகும். ஸ்டார்ச்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு மெழுகு, மெழுகும் தண்ணீரும் பிரியாமல் கலக்க வைக்கிற சோயா லெசிதின் ஒரு சிட்டிகை, 78 டிகிரியில் மிக்சி பிளேடால் அடித்துக் கலக்கினேன். முதலில் எனக்கு ஏமாற்றம்தான். காயும்போது மெழுகு முழுக்கக் கலந்து நிற்காமல் மேலே மிதந்து ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் பளபள, மறுபக்கம் மங்கல். தோற்றுவிட்டது என்று ஒதுக்கி வைத்த அந்த ஷீட்டை, வீணாக வேண்டாம் என்று டம்ளரில் கட்டிப் பார்த்தேன். 0.36! நன்றாகக் கலந்த மெழுகைவிட, பிரிந்து ஒரு பக்கம் படிந்த மெழுகு ஈரத்தை நன்றாகத் தடுக்கிறது. ஒரே படலத்தில் இரண்டு அடுக்கு தானாக அமைந்துவிட்டது. அதற்குப் பிறகு லெசிதினைப் பாதியாகக் குறைத்து, வேண்டுமென்றே பிரியவிடுகிறேன்.

இன்னொரு மாற்றம், மழைக்காலத்துக்கு மட்டும், கிளிசரினில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டுச் சார்பிடால் என்ற இனிப்பூட்டி. அதுவும் இளக்கம் கொடுக்கும், ஆனால் ஈரத்தை அவ்வளவு பேராசையோடு இழுக்காது. ஆக இப்போது என்னிடம் இரண்டு செய்முறை. 30-க்கு 40 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்குத் தண்ணீர் 220 மில்லி, ஸ்டார்ச் 9 கிராம், அகர் 2 கிராம், தேன்மெழுகு 1 கிராம். இது இரண்டுக்கும் பொது. ஈரமானி 60-க்குக் கீழே இருந்தால் கிளிசரின் 3 கிராம். அதற்கு மேலே போனால் கிளிசரின் 1.2, சார்பிடால் 2. எல்லா எடையும் காய்ந்த பொருளின் எடை. சார்பிடால் பெரும்பாலும் 70 சதவீதக் கரைசலாகத்தான் வரும், அதற்கு ஏற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். காய 16 மணி நேரம், பனி நாளில் 24. வரும் ஷீட் கிட்டத்தட்ட 100 மைக்ரான், நல்ல எழுதும் தாளின் கனம்.

ஒட்டுவதற்குச் சோமாஸ் ஓரம் ஒட்டும் வழிதான். மங்கலான பக்கத்தில் ஈர விரலால் கோடு இழுத்து, அதே பக்கத்தை மேலே மடித்து வைத்து அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறது. மெழுகுப் பக்கத்தில் தண்ணீர் ஒட்டாது. மெழுகு வெளிப்பக்கம் வரும்படி பை செய்தால் ஒட்டுவதும் சுலபம், பனியும் முதலில் மெழுகில்தான் மோதும்.

அக்டோபரில் உண்மையான சோதனை வந்தது. கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. வர்க்கியைக் காகிதத்தில் ஒன்று, மெழுகில்லாத ஷீட்டில் ஒன்று, மெழுகு ஷீட்டில் ஒன்று, தகர டப்பாவில் ஒன்று என்று வைத்து, தினமும் சாயங்காலம் அக்காவும் மாமாவும் நானும் உடைத்துப் பார்த்தோம். காகிதத்தில் இருந்தது மறுநாள் சாயங்காலமே சத்தம் இல்லாமல் உடைந்தது. மெழுகில்லாத ஷீட்டும் அதே கதி. மெழுகு ஷீட்டில் மூன்றாம் நாள் வரை நொறுங்கியது, நான்காம் நாள் நமுத்தது. டப்பா பத்து நாளுக்கு மேலும் தாங்கியது. மூன்று நாள் என்பது ஒருவர் இங்கே வாங்கி, கோயம்புத்தூர் போய், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கப் போதுமான காலம். ஒரு மாதம் வைத்துச் சாப்பிட வேண்டும் என்பவருக்கு மாமா இன்றும் டப்பா கொண்டுவரச் சொல்கிறார்.

யூகலிப்டஸ் தைலம் சேர்த்தால் பூஞ்சை வராதே என்று நண்பர்கள் கேட்டார்கள். நீலகிரித் தைலம் இங்கே ஆறாக ஓடுகிறது, உண்மைதான். ஆனால் அது உள்ளுக்குச் சாப்பிடுகிற பொருள் கிடையாது, அளவு மீறினால் குழந்தைகளுக்கு ஆபத்து. வாசனையும் வர்க்கியில் ஏறிவிடும். இந்த உறையில் இருக்கும் ஒவ்வொன்றும் வாயில் போனாலும் தீங்கில்லாததாக இருக்க வேண்டும் என்பதில் நான் இறங்கி வர மாட்டேன். பூஞ்சைக்கு மருந்து, ஷீட்டை அதிகம் செய்து சேர்த்து வைக்காமல் இருப்பதுதான்.

சேர்த்து வைக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாதம் ஒன்று ஆனால் ஷீட் விறைக்கிறது. ராத்திரிச் சோறு காலையில் விறைப்பதும் இதே விஷயம்தான். ஸ்டார்ச் சங்கிலிகள் மெல்ல மெல்ல மறுபடி நெருங்கி வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. அதனால் வாரத்துக்கு 20 தட்டு, அந்த வாரமே தீர்ந்துவிடும். ஒரு தட்டுக்குப் பொருள் செலவு 9 ரூபாய் வரை, அதில் பாதிக்கு மேல் கடல்பாசிக்கு. ஒரு தட்டில் இரண்டு பை.

மக்குகிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. ஏப்ரலில் பழைய வெங்காய வலைப்பையில் ஷீட் துண்டுகளைப் போட்டுத் தோட்டத்து எருக்குழியில் வைத்தேன். 24-ம் நாள் வலை காலி. மெழுகு ஷீட்டை அக்டோபர் சோதனைக்குப் பிறகு, டிசம்பர் குளிரில், அந்த மக்காச்சோளக் கவர் கிடந்த அதே இடத்தில் புதைத்தேன். அதில் வர்க்கி சுற்றியிருந்ததை மறந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் குழி முழுக்கத் தோண்டிக் கிடந்தது, சுற்றிலும் நகத்தடம். கரடி! இங்கே எண்ணெய் வாசனைக்குப் பேக்கரிக் கதவையே உடைக்கிற கரடிகள் உண்டு. வலையைக் கிழித்து, ஷீட்டை முழுக்கத் தின்றுவிட்டுப் போயிருந்தது. ஒரு பிளாஸ்டிக் கவரில் இதே வாசனை இருந்திருந்தால் அது வயிற்றில் என்ன செய்திருக்கும் என்று நினைத்து, குழியோரம் வெகு நேரம் நின்றேன். கிழிந்து கிடந்த வலையும் பிளாஸ்டிக்தான். அதை ஒரு இழை விடாமல் பொறுக்கி எடுத்தேன். அதற்குப் பிறகு சோதனைக்குத் துணிப்பைதான். உபயோகிக்காத புது ஷீட்டை, மேலே கனமான கல் வைத்து மறுபடி புதைத்தேன். 61 நாள் ஆனது. ஸ்டார்ச் முழுக்கப் போய், மெழுகு மட்டும் மீன் செதில் மாதிரி சின்னச் சின்னதாக மிஞ்சியிருந்தது.

இப்போதைக்கு இது மாமா பேக்கரியின் உறை மட்டும். ஒருவர் தனியாக இந்த ஷீட்டை விற்க வேண்டுமென்றால் 2018-ல் வந்த உணவுப் பொதியல் விதிமுறைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். மக்கும் என்று அச்சடிக்கவும் உரிய சோதனையும் சான்றும் வேண்டும். அதற்கு முன், கடை வாசலில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மூன்று நாள், மழையில் நனைக்கக் கூடாது, வீட்டில் செடித்தொட்டியில் புதைத்துவிடலாம்.

அடுத்து கேத்திப் பக்கம் கேரட் கழுவும் இடத்தில் மலைபோல் கிடக்கிற கழிவுக் கேரட்டின் நாரை அரைத்துச் சேர்த்துப் பார்க்கப் போகிறேன். அகரில் பாதியைக் குறைக்க முடிந்தால் விலை இறங்கும். முதல் தட்டு நேற்று ஊற்றியது. இளஞ்சிவப்பாக, நடுவில் ஒரு கீறலோடு அடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருக்கிறது. ஈரமானி 44.